காய்ச்சல் மாத்திரையும் ஈரலின் கணக்கும்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு அப்பாவுக்கு நல்ல காய்ச்சல். 9 மணிக்கு ஒரு டோலோ 650 போட்டுக்கொண்டு படுத்தார். 11 மணிக்கு அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை எழுப்பினாள். "இன்னும் அனலா கொதிக்குதுப்பா. இன்னொண்ணு குடுத்துடலாமா?"

வேண்டாம் என்றேன். ஆறு மணி நேரம் ஆகவேண்டும் என்றேன். "அது யார் வச்ச கணக்கு?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, மாத்திரை கையில் இருக்கிறது, அப்புறம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அந்த ஆறு மணி நேரம் ஈரல் வைத்த கணக்கு. அரைத்தூக்கத்தில் அம்மாவுக்கு அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

டோலோ, குரோசின், கால்பால், இலங்கையில் பனடோல் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பாரசிட்டமால். அமெரிக்கர்கள் இதையே அசிட்டமினோபென் என்பார்கள். விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைகிறது, ஆனால் ரத்தத்துக்குள் போவது சிறுகுடலில்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யக் கொஞ்சம் தாமதமாவது இதனால்தான். வெறும் வயிற்றில் என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போய்விடும்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற தடித்த குழாய் வழியாக முதலில் ஈரலுக்குப் போகிறது. ஒன்றரை கிலோ எடையுள்ள இந்த உறுப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது, அதில் முக்கால் பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான். ஆகவே மாத்திரை தலைவலியைத் தொடுவதற்கு முன்பே ஈரல் அதைத் தொட்டுவிடுகிறது. அந்த முதல் சுற்றிலேயே கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. தப்பித்துப் போன மீதி உடம்பெங்கும் சுற்றி வலியையும் காய்ச்சலையும் குறைக்கிறது, ஆனால் ரத்தம் சுற்றிச் சுற்றி வருவதால் அதுவும் மறுபடி மறுபடி ஈரலுக்கே வந்து சேர்கிறது.

ஈரல் ஏன் இதைத் தொட வேண்டும்? சிறுநீரகமே நேராக வெளியேற்றிவிடக் கூடாதா?

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பிசுக்கு அங்கேயே இருக்கும். சாம்பலோ சீயக்காயோ சோப்போ போட்டால்தான் எண்ணெய் தண்ணீரோடு போகச் சம்மதிக்கும். பாரசிட்டமால் கொழுப்பிலும் ஓரளவு கரையும். அப்படிக் கரைவதால்தான் உயிரணுக்களின் கொழுப்புச் சுவரைத் தாண்டி மூளை வரைக்கும் போக முடிகிறது. அதே குணம் வெளியேறும்போது தடையாகிவிடுகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி எடுத்தாலும், சிறுநீர்க் குழாயின் சுவர் வழியாக அது மறுபடி ரத்தத்துக்குள்ளேயே ஊறிவந்துவிடும். நாம் போடும் பாரசிட்டமாலில் 100-க்கு 2 முதல் 5 பங்குதான் உருமாறாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. மீதி எல்லாவற்றுக்கும் ஈரல்தான் சோப்புப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஈரல் போடும் சோப்பு இரண்டு வகை. ஒன்று குளுக்குரோனிக் அமிலம். இது குளுக்கோஸிலிருந்து ஈரலே செய்துகொள்ளும் பொருள். தண்ணீரில் நன்றாகக் கரையும். நொதி ஒன்று இதைத் தூக்கிக்கொண்டு வந்து பாரசிட்டமாலின் முதுகில் ஒட்டிவிடுகிறது. பாதி அல்லது அதற்குச் சற்று அதிகமான மருந்து இந்த வழியில் போகிறது. இன்னொன்று சல்பேட். பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றில் உள்ள கந்தகம் கலந்த அமினோ அமிலங்களிலிருந்து இது கிடைக்கிறது. 100-க்கு 25 முதல் 35 பங்கு வரை இதன் வழியில் போகும். இப்படி ஒட்டு வாங்கிய பாரசிட்டமால் வலியையும் குறைக்காது, யாருக்கும் தீங்கும் செய்யாது. வேலை முடிந்த சரக்கு, அவ்வளவுதான்.

பச்சைக் குழந்தைகளுக்கு முதல் வழி இன்னும் முழுதாகத் திறந்திருக்காது. பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாள் கண்ணும் தோலும் மஞ்சளாவதைப் பார்த்திருப்போம். ரத்தம் சிதைவதில் வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளுக்கு ஒட்டுப் போடுவதும் இதே குடும்பத்து நொதிதான். அது முதிராததால்தான் மஞ்சள் தேங்குகிறது. பாரசிட்டமாலுக்கும் அதே நிலைமை. நல்லவேளையாக சல்பேட் வழி குழந்தைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதனால் டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுக்கும் அளவை அவர்களால் சமாளித்துவிட முடியும். ஆனால் பெரியவர்களின் மாத்திரையை உடைத்து ஒரு குத்துமதிப்பாகக் கொடுப்பது அவர்கள் விஷயத்தில் சரிவராது.

பூனைக்கு அந்த முதல் வழி பிறவியிலேயே கிடையாது. பாரசிட்டமாலுக்குக் குளுக்குரோனிக் அமிலம் ஒட்டும் நொதி பூனை இனத்தில் செயல்படுவதில்லை. நமக்கு அரை மாத்திரை ஒன்றுமே இல்லை. அந்த அளவு ஒரு பூனையின் ரத்தத்தைப் பழுப்பாக்கி, மூச்சு முட்ட வைத்து, உயிரையே எடுத்துவிடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாவம் காய்ச்சலாக இருக்கிறதே என்று அன்போடு கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

சரி, ஒட்டு வாங்கிய சரக்கு இப்போது ரத்தத்தில் இருக்கிறது. இனி சிறுநீரகத்தின் முறை. நமது இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. நாம் கழிப்பதோ ஒன்றரை, இரண்டு லிட்டர். மிச்சம் அத்தனையும் குழாய்களிலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது. உடம்புக்கு வேண்டிய உப்பும் சர்க்கரையும் தண்ணீரோடு உள்ளே திரும்பிவிடும். நீரில் கரையும் ஒட்டு வாங்கிய பாரசிட்டமாலால் மட்டும் குழாய்ச் சுவரைத் தாண்டித் திரும்ப முடியாது. சிறுநீரில் நின்றுவிடும். வடிகட்டலில் சிக்காமல் போனதையும் குழாய்ச் சுவரில் உள்ள உயிரணுக்கள் ரத்தத்திலிருந்து பிடித்திழுத்து உள்ளே தள்ளுகின்றன. 24 மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட முழு மாத்திரையும், ஏதோ ஒரு வடிவத்தில், சிறுநீரோடு போய்விடுகிறது.

சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ரத்தத்தில் கூடியிருப்பவர்களுக்கு, வலி என்றால் பாரசிட்டமால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிறுநீரக மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தாலும், மருந்தைச் செயலிழக்கச் செய்யும் வேலை ஈரலில் முடிந்துவிடுகிறது. ரத்தத்தில் தேங்குவது பெரும்பாலும் பல் பிடுங்கிய சரக்குதான். அப்படியும் சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு இரண்டு மாத்திரைக்கு நடுவில் 6 முதல் 8 மணி நேர இடைவெளி கேட்பார்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நல்ல ஈரல் உள்ள ஒருவரின் ரத்தத்தில் பாரசிட்டமாலின் அளவு பாதியாகக் குறைய 2 முதல் 3 மணி நேரம் ஆகும். இரண்டரை என்று வைத்துக்கொள்வோம். 650 மில்லிகிராம் உள்ளே போனால், இரண்டரை மணி நேரத்தில் 325, ஐந்து மணி நேரத்தில் 160 சொச்சம், ஏழரை மணி நேரத்தில் 80. 11 மணிக்கு அம்மா என்னை எழுப்பியபோது அப்பாவின் உடம்பில் பாதிக்கு மேல் மருந்து இன்னும் இருந்தது. காய்ச்சல் இறங்குவதும் மருந்து ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. ரத்தத்தில் மருந்து உச்சம் தொட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் நன்றாக இறங்கும். வேலை செய்யவில்லை என்று நாம் நினைக்கும் நேரத்தில் மாத்திரை பாதி வேலையில் இருக்கிறது.

அப்படியென்றால், மேலே இன்னொன்று போட்டால்தான் என்ன? சோப்புப் போட்டு அனுப்பத்தானே ஈரல் இருக்கிறது? இதற்குப் பதில் சொல்ல மூன்றாவது வழியைப் பற்றிப் பேசியாக வேண்டும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

போடும் மருந்தில் 100-க்கு 5 முதல் 10 பங்கு இந்த இரண்டு ஒட்டுகளுக்கும் போகாமல் சைட்டோகுரோம் என்ற நொதிக் கூட்டத்திடம் போய்ச் சேர்கிறது. அதிலும் முக்கியமாக 2இ1 என்று எண்ணிட்ட நொதியிடம். அது பாரசிட்டமாலை ஆக்சிஜனேற்றம் செய்து வேறொரு பொருளாக்கிவிடுகிறது. அதன் வேதிப்பெயர் நீளமானது, மருத்துவ மாணவர்கள் சுருக்கி 'நாப்கி' என்பார்கள். இது விஷம். எலக்ட்ரானுக்காக அலையும் மூலக்கூறு, கையில் கிடைத்த புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஈரல் உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது அந்த உயிரணுவுக்குச் சக்தி தரும் அடுப்பில், போய் ஒட்டினால் அடுப்பு அணைந்துவிடும், உயிரணு சாகும்.

ஆகவே சரியான அளவில் போட்டாலும், ஒவ்வொரு 650 மாத்திரையிலும் சுமார் 30 முதல் 65 மில்லிகிராம் மருந்து நம் ஈரலுக்குள் விஷமாக மாறத்தான் செய்கிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோடிக்கணக்கான பேர் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த விஷம் பிறந்த இடத்திலேயே அதைப் பிடிக்க ஆள் இருக்கிறது. அதன் பெயர் குளுட்டத்தயோன். மூன்று அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த சின்ன மூலக்கூறு. அதில் நடுவில் இருக்கும் சிஸ்டீனின் கந்தக முனை நாப்கியைக் கண்ட நொடியில் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். பிணைந்த ஜோடி மேலும் சில மாற்றங்களுக்குப் பிறகு இதே சிறுநீர் வழியாக வெளியே போய்விடும். நாப்கி வேறு எதையும் தொடுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

ஆனால் ஒரு குளுட்டத்தயோன் ஒரு நாப்கியோடுதான் போக முடியும். போனது திரும்பி வராது. ஈரல் புதிதாகச் செய்தாக வேண்டும், செய்ய நேரமும் வேண்டும், சிஸ்டீனும் வேண்டும். வீட்டில் அரிசிப் பானை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் எடுக்கிறோம், தினம் நிரப்புகிறோம். எடுப்பது நிரப்புவதை விட வேகமானால் ஒரு நாள் கை அடியைத் தொடும். வழக்கமான இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நாப்கி புரதங்களின் மேல் பாயத் தொடங்கும் என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை. மருந்தின் அளவு கூடும்போது மூன்று வழிகளும் சமமாகக் கூடுவதில்லை. சல்பேட்டின் கையிருப்பு முதலில் தீரும். குளுக்குரோனிக் வழியும் ஓர் எல்லைக்கு மேல் வேகம் எடுக்காது. அப்புறம் வரும் மருந்தெல்லாம் மூன்றாவது வழிக்குத் திரும்பும். அதனால் அளவை இரண்டு மடங்காக்கினால் விஷம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதைவிட அதிகமாகும். நாப்கியைச் செய்யும் நொதி ஈரலின் சிறு நாளங்களைச் சுற்றியுள்ள நடுப்பகுதி உயிரணுக்களில்தான் அதிகம். அங்கே ஆக்சிஜனும் குளுட்டத்தயோனும் மற்ற இடங்களை விடக் குறைவு. முதல் அடி விழுவது அங்கேதான்.

பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்ற உச்சவரம்பு இந்தக் கணக்கையெல்லாம் பார்த்து வைத்தது. 500 மாத்திரை என்றால் எட்டு, 650 என்றால் ஆறு. இது எல்லை, தினமும் எட்ட வேண்டிய அளவு கிடையாது. மெலிந்த உடம்பு, வயது முதிர்ந்தவர், ஏற்கனவே ஈரல் கோளாறு உள்ளவர் என்றால் டாக்டர்கள் இதைக் குறைத்துவிடுவார்கள்.

இந்த மருந்து நமக்குக் கிடைத்த கதையே ஈரலின் வேலையைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்ததுதான். 1886-ல் ஸ்டிராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், குடல் புழுவுக்கு நாஃப்தலீன் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, மருந்துக்கடை மாற்றி அனுப்பிவிட்ட அசிட்டனிலைடைக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது. காய்ச்சல் மருந்தாக அது பரவியது, ஆனால் போட்டவர்களில் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. மறுவருடமே பெனாசிட்டின் வந்தது. பல பத்தாண்டுகள் உலகெங்கும் விற்றது. 1950-களில் அதை வருடக்கணக்கில் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதை சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

1948-ல் நியூயார்க்கில் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும் அசிட்டனிலைடு உடம்பில் என்ன ஆகிறது என்று துருவினார்கள். ரத்தத்தைக் கெடுத்து நீலம் பாரிக்க வைத்தது அதிலிருந்து பிரியும் அனிலின் என்று தெரிந்தது. வலியைக் குறைத்தது இன்னொரு பொருள். ஈரல் அசிட்டனிலைடை மாற்றிச் செய்த பொருள் அது. பெனாசிட்டினும் உடம்புக்குள் போய் அதே பொருளாகத்தான் மாறியது. அந்தப் பொருள் பாரசிட்டமால். அறுபது வருடமாக மக்கள் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மருந்துகளுக்கும் உண்மையான மருந்தை அவர்களுடைய ஈரலே செய்துகொண்டிருந்தது! பிறகு பாரசிட்டமாலையே நேராகக் கொடுக்கலாம் என்று ஆனது. 1955-ல் அமெரிக்காவில் டைலனாலும் 1956-ல் பிரிட்டனில் பனடோலும் கடைக்கு வந்தன. ஆக்சல்ராடுக்கு வேறொரு ஆராய்ச்சிக்காக 1970-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பத்து வருடம் பத்திரமான மருந்து என்ற பெயரோடு ஓடியது. 1966-ல் அளவு மீறிப் போட்டவர்களுக்கு ஈரல் செத்துப்போன செய்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஏன் என்று புரிந்தது 1973-ல். மிட்செல், ஜாலோ, கில்லட் ஆகியோரோடு அதே பிராடியும் சேர்ந்து, குளுட்டத்தயோன் தீர்ந்த பிறகே ஈரல் சாகிறது என்று காட்டினார்கள். காரணம் தெரிந்ததும் மாற்று மருந்தும் தெரிந்துவிட்டது: தீர்ந்ததை நிரப்ப வேண்டும். குளுட்டத்தயோனை நேராகக் கொடுத்தால் உயிரணுவுக்குள் சரியாகப் போவதில்லை. அதைச் செய்யத் தேவையான சிஸ்டீனை, அசிட்டைல்சிஸ்டீன் என்ற வடிவத்தில் கொடுத்தால் போகிறது. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் 1970-களின் பிற்பாதியில் இதை ரத்தக்குழாய் வழியாக ஏற்றிக் காட்டினார். புட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது கந்தகத்தின் வாசனை, உயிரைக் காப்பாற்றும் பகுதியும் அந்தக் கந்தகம்தான்.

நமக்குப் பக்கத்து விஷயங்களுக்கு வருவோம். குளுட்டத்தயோன் பானை யாருக்கு முன்பே பாதி காலியாக இருக்கும்?

பட்டினி கிடப்பவர்களுக்கு. காய்ச்சல்காரருக்கு வாய் கசக்கும், கஞ்சி கூட இறங்காது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் குளுட்டத்தயோன் செய்யச் சிஸ்டீன் குறைகிறது. ஈரலில் சேமித்த சர்க்கரையும் கரைந்துவிடுவதால் குளுக்குரோனிக் அமிலம் செய்யும் சரக்கும் குறைகிறது. அதாவது நல்ல வழி குறுகும் அதே நேரத்தில் விஷத்தைப் பிடிக்கும் ஆளும் குறைகிறார்கள். மாத்திரை அதிகமாகப் போட்டுக்கொள்வதும் அந்த மூன்று நாளில்தான். காய்ச்சல்காரருக்குக் கொஞ்சமாவது கஞ்சி ஊற்று என்று பாட்டிமார் பிடிவாதம் பிடித்தது ஈரலுக்கும் நல்லதாகவே இருந்திருக்கிறது.

தினமும் குடிப்பவர்களுக்கு. சாராயத்தைச் சிதைக்கவும் ஈரல் அதே 2இ1 நொதியைப் பயன்படுத்துகிறது. தொடர்ந்து குடித்தால் அந்த நொதியின் அளவு கூடிவிடும், குளுட்டத்தயோனோ குறைந்திருக்கும். குடியை நிறுத்திய மறுநாள் சாராயம் போய்விட்டது, கூடிய நொதி அப்படியே இருக்கிறது. அன்றைக்குத் தலைவலிக்குப் போடும் மாத்திரைகள் முழுதாக அதன் கையில் கிடைக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையும் இதே நொதியைத் தூண்டக்கூடியது, தனியாகவே ஈரலைத் தொந்தரவு செய்யவும் கூடியது. காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் காய்ச்சல் மாத்திரையைக் கூட டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுவதே நல்லது.

டெங்குக் காய்ச்சலிலும் கவனம் வேண்டும். அதில் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடாது, ரத்தக்கசிவு வரலாம், அதனால் பாரசிட்டமால் மட்டும்தான். ஆனால் டெங்கு வைரஸே ஈரலைத் தாக்கும். ஈரல் அடிபட்டதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி ரத்தத்தில் பல மடங்கு ஏறியிருக்கும். அதனால்தான் டெங்குவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு கையேடு சொல்கிறது. காய்ச்சல் அடங்கவில்லையே என்று மூன்று மணி நேரத்துக்கு ஒன்று போடத் தோன்றும் காய்ச்சல் அது. அங்கேதான் ஈரத்துணி வேண்டும்.

நான் எல்லாவற்றையும் விட அதிகம் கவலைப்படுவது ஒரே மருந்து இரண்டு மூன்று பெயரில் உள்ளே போவதைப் பற்றி. அன்றிரவு அப்பாவின் மேசையைத் துழாவினபோது இன்னொரு அட்டை கிடைத்தது. மூக்கடைப்புக்கு என்று சாயங்காலம் கடையில் கேட்டு வாங்கியது. 7 மணிக்கு ஒன்று போட்டிருக்கிறார். பின்பக்கத்துப் பொடி எழுத்தை டார்ச் அடித்துப் படித்தேன். பாரசிட்டமால் 500 மி.கி. இரண்டு மணி நேரத்துக்குள் 1,150 உள்ளே போயிருக்கிறது. அம்மா கேட்டபடி 11 மணிக்கு இன்னொன்று கொடுத்திருந்தால் 1,800. ஒரே ராத்திரியில் இதனால் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. நான்கு நாள் காய்ச்சலில் தினமும் இப்படியே போனால், அதுவும் சாப்பாடு இல்லாமல் போனால், பானையின் அடி தெரியும். சளி மாத்திரைகள் பலவற்றில், மூட்டுவலிக்குத் தரும் அசிக்ளோஃபெனாக் கலவையில், தலைவலி மாத்திரைகளில், டிரமடால் கலந்த மாத்திரைகளில் பாரசிட்டமால் இருக்கிறது. அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், பின்பக்கம் எறும்பு எழுத்தில் மருந்தின் பெயர். இதை மாற்றி அச்சிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

குழந்தைகளின் சிரப்பிலும் இதே குழப்பம் உண்டு. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லியில் 250 உள்ளது ஒன்று. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. மூன்றும் ஒரே நிறப் பெட்டியில், ஒரே பெயரில் இருக்கலாம். சொட்டு மருந்தை முதல் வகை சிரப்பின் அளவுக்கு ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. வயதை விட எடை முக்கியம். வீட்டு டீஸ்பூனைத் தவிர்த்து, புட்டியோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து ஊற்ற வேண்டும்.

அளவு மீறிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் நடக்காது. குமட்டல், கொஞ்சம் வாந்தி, சிலருக்கு அதுவும் இல்லை. ஆபத்து ஒளிந்திருப்பதே இதில்தான். இரண்டாம் நாள் ஆள் தெளிந்தது போலக்கூட இருப்பார். அதற்குள் வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கும், ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஏறத் தொடங்கியிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள், ரத்தம் உறையாமை, மனக்குழப்பம். சிறுநீரகத்தின் குழாய் உயிரணுக்களிலும் நாப்கியைச் செய்யும் நொதி இருப்பதால் சிலருக்கு அதுவும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். தாமதமானாலும் பயன் உண்டு. 1975-ல் ருமாக்கும் மேத்யூவும் வரைந்த வரைபடத்தை வைத்து, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தே யாருக்கு இது வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். தெரியாமல் போட்டிருந்தாலும் சரி, மனம் உடைந்து போட்டிருந்தாலும் சரி, 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், காலி அட்டைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மனசு தாங்காத நேரத்தில் பேச தமிழ்நாட்டில் 104 என்ற எண் இருக்கிறது. பிரிட்டனில் 1998-லிருந்து சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16, மருந்துக்கடையில் 32 மாத்திரைகள் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அதன்பின் இந்த மருந்தால் நேர்ந்த சாவுகள் குறைந்தன.

மற்ற வலி மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றையும் ஈரல் உருமாற்றி, சிறுநீரிலும் பித்தத்திலும் அனுப்புகிறது. அவை சிறுநீரகத்துக்குச் செய்யும் தீங்கு கழிவால் வருவது குறைவு. அவற்றின் வேலையே அங்கே இடைஞ்சல். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்துவைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்கள். வலிக்குக் காரணமும் அவைதான், அதனால் இந்த மாத்திரைகள் அவற்றை நிறுத்துகின்றன. வெயிலில் நாள் முழுக்க வேலை செய்து, தண்ணீர் குடிக்காமல், உடம்பு வலிக்கு இதைப் போட்டால் சிறுநீரகத்தின் வாசல் சுருங்கிவிடும். ரத்தக்கொதிப்புக்கும் நீர் பிரியவும் மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

டைக்ளோஃபெனாக்கைத் தாங்க முடியாத உடம்பு எப்படி இருக்கும் என்பதற்குப் பாறு கழுகுகள் சாட்சி. மாட்டுக்கு வலிக்குப் போட்ட ஊசி, மாடு செத்தபின் சதையில் மிச்சமிருந்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை நிறுத்தியது. யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்தது. 1990-களிலிருந்து தெற்காசியாவில் மூன்று இனங்கள் 100-க்கு 95-க்கும் மேல் அழிந்தன. காரணம் டைக்ளோஃபெனாக் என்று 2004-ல் தெரிந்தது, 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியவை இன்னும் பறக்கின்றன.

அன்றிரவு அப்பாவுக்கு ஈரத்துணி போட்டோம். அம்மா உப்புப் போட்ட கஞ்சி வைத்து அரை டம்ளர் குடிக்க வைத்தாள். தினசரி நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன்: 7 மணி, சளி மாத்திரை, 500. 9 மணி, டோலோ, 650. அடுத்தது 3 மணிக்கு மேல். 3 மணிக்கு அவர் வியர்த்துப்போய் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.